எட்டு மணிக்கு எறங்கி ஊட்டியைப் பாத்துட்டு வர்றாங்களாம்!

இன்னிக்குக் காலையில மறுபடியும் வந்திருச்சு, ஒரே நாள்ல ஊட்டி போய்த் திரும்பலாம்ங்கற அந்த விளம்பரம். "பெங்களூர்ல இருந்து காலை விமானம், டாய் ட்ரெயின், தொட்டபெட்டா, இரவு வீட்டில் சாப்பாடு." கூடவே ஒரு விமானப் படம், நேரா மலை உச்சியிலயே போய் உக்காரப்போற மாதிரி. அது எறங்குறது கோயம்புத்தூர்லதான்னு ஒரு வரி சேத்துப் போட்டா மை தீந்துருமா?

சரி, கணக்குப் போடுவோம். ரெக்கையில விசிறி சுத்துற சின்ன ஏ.டி.ஆர் விமானம் எட்டு மணிக்கு எறங்குது. மேட்டுப்பாளையத்துல மலை ரயில் 7.10க்கே கெளம்பியாச்சு, கல்லாறு தாண்டி பல்சக்கரத்தால பல் வெச்ச தண்டவாளத்தைக் கடிச்சு ஏறிட்டிருக்கும். நீங்க காளப்பட்டி, சரவணம்பட்டி, காரமடைன்னு ஊர்ந்துட்டு இருப்பீங்க. மதியம் 2 மணிக்கு ஊட்டியில இருந்து கீழ வர்ற ரயில்ல ஏறலாமேன்னா, தொட்டபெட்டாவுக்குக் கும்பிடு போட்டுரணும்.

கல்லாறுல இ-பாஸ் சோதனை, ஊட்டி போற வண்டிக்கு ஆன்லைன்ல எடுக்குற அனுமதிச் சீட்டு. 2024 மே 7ல இருந்து இருக்கு. ஆனாலும் வண்டி வரிசையில நின்னப்புறம்தான் ஓ.டி.பி. தேடுவாங்க, பின்னாடி இருக்குறவன் ஹாரனை அமுக்கிட்டே இருப்பான். அப்புறம் 14 கொண்டை ஊசி வளைவு. விமான நிலையத்துல அமுக்குன இட்லி வடை பர்லியாறு தாண்டுறதுக்குள்ள வெளிய எட்டிப் பாக்கும்.

சீசன்ல ஊட்டி சேரவே மதியம். தொட்டபெட்டா சந்திப்புல கார் வரிசை. 2,637 மீட்டர் உச்சியில 2 மணிக்கு என்ன தெரியும்? வெயில் ஏற ஏற பள்ளத்தாக்கோட ஈரக்காத்து மேல வந்து குளிர்ந்து மஞ்சா அப்பிக்கும். தொலைநோக்கியில கண்ணை வெச்சா வெள்ளை வேட்டிதான். பாக்கணும்னா காலையிலயே ஏறணும், அதுக்கு முந்தின ராத்திரி மேல தங்கணும். அதைத்தானே இந்தத் திட்டம் மிச்சம் பண்ணுது!

எறக்கம் இருக்கே, அதுதான் வயித்தைக் கலக்குது. ராத்திரி 8 மணி விமானம்னா 7 மணிக்கே கவுண்டர் சாத்திருவாங்க. அந்த அவசரத்துல கோத்தகிரி ரோட்டுல நாலாவது கியர்ல விட்டு, பிரேக்கையே மிதிச்சுட்டு வருவாங்க. குஞ்சப்பனை வர்றதுக்குள்ள கருகுன நாத்தம். பிரேக் டிஸ்க் சூடேறி பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும். ஏறுன கியர்லயே எறங்குங்கய்யா! ரெண்டாவது கியரைப் போட்டா எஞ்சினே வண்டியைப் பிடிக்கும். ஏறி வர்றவனுக்கு வழி விடுங்க. பெடல் அமுங்கிட்டா ஓரங்கட்டி ஆற விடுங்க, விமானம் போனா போகட்டும்.

இத்தனையும் தாண்டி என்னதான் பாத்தாங்கன்னா, செக்போஸ்ட், முன்னாடி போன பஸ்ஸோட முதுகு, கொஞ்சம் மஞ்சு. நினைச்சா சிரிப்புதான் வருது.

அப்புறம் திரும்புற வழியில 'ஊட்டி வர்க்கி'ன்னு ஒண்ணு வாங்குவாங்க பாருங்க. 2023ல புவிசார் குறியீடு வாங்குன பண்டம், விறகடுப்புல சுட்டது, கடிச்சா நொறுங்கணும். இது நமுத்துப்போன ரொட்டி மாதிரி பல்லுல ஒட்டுது. இதை எவன்யா வர்க்கின்னு விக்கிறான்?