அதுவரைக்கும் மிதக்குமா சார்?

(ஆசிரியர் அறை, இடைவேளை. 20 வருடமாக அறிவியல் நடத்துகிற சார், புதிதாக வந்த டீச்சரைத் தேடி வருகிறார். கையில் ஒரு கண்ணாடி டம்ளர்.)

சார்: டீச்சர், உங்கள் பேச்சைக் கேட்டது என் தப்பு.

டீச்சர்: என்ன ஆச்சு சார்?

சார்: "முதலில் பிள்ளைகளைக் கேட்கவிடுங்கள், பாடம் தானாக வரும்" என்றீர்களே. ஏழாம் வகுப்பில் விட்டேன். "ஐஸ் ஏன் சார் மிதக்கிறது?" என்றான் ஒருவன். "அதெல்லாம் மேல்வகுப்பில் வரும்" என்றேன். "அதுவரைக்கும் மிதந்துகொண்டே இருக்குமா சார்?" என்கிறான்!

டீச்சர்: நியாயம்தானே.

சார்: சரி என்று விளக்கினேன். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கிறது, எடை அதேதான், அதனால் அடர்த்தி குறைவு. எல்லோரும் தலையாட்டினார்கள்.

டீச்சர்: தலையாட்டினால் புரியவில்லை என்று அர்த்தம் சார்.

சார்: தெரியாதா? 20 வருடமாக அந்தத் தலையாட்டலை நம்பித்தானே பிழைக்கிறேன். அப்புறம் நீங்கள் சொன்ன மாதிரியே டம்ளரில் சின்ன ஐஸ் கட்டியைப் போட்டு, விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, "உருகினால் வழியுமா?" என்று கை தூக்கச் சொன்னேன்.

டீச்சர்: காரணம் கேட்டீர்களா?

சார்: கேட்காமலா? "தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதே, அது எங்கே போகும்?" என்றது வழியும் கட்சி. "உருகினால் சுருங்கும்" என்றது வழியாது கட்சி. அப்புறம் மூச்சுவிடாமல் டம்ளரையே பார்த்தார்கள். சத்தத்தையே காணோம் என்று பயந்துபோய்த் தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தார்.

டீச்சர்: வழிந்ததா?

சார்: ஒரு சொட்டு இல்லை. ஐஸ் முழுகியிருந்த இடம் எவ்வளவோ, உருகிய தண்ணீர் அவ்வளவுதான். நிம்மதியாகப் புத்தகத்தை எடுத்தேன். பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "அப்போ பனி உருகினால் கடல்மட்டம் உயரும் என்பது பொய்யா சார்?"

டீச்சர்: ஆஹா! கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் நிலத்தின் மேல் கிடக்கிற பனி உருகிக் கடலுக்கு வருகிறதே, அதனால்தான் சார். டம்ளருக்கு மேல் வடிகட்டியில் ஐஸை வைத்துக் காட்டியிருந்தால் வழிந்திருக்கும்.

சார்: இதை இடைவேளைக்கு முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா? நான் விழித்ததைப் பார்த்து ஒரு பெண் எழுந்து, "இதற்குப் பதில் தெரியாதவர்கள் கை தூக்குங்கள்" என்றுவிட்டாள். நான் சொல்லிக்கொடுத்த வழி!

டீச்சர்: எத்தனை கை?

சார்: 40.

டீச்சர்: உங்கள் வகுப்பில் 39 பேர்தானே?

சார்: (டம்ளரைப் பார்த்தபடி) ஆமாம்.