நாளை முதல் 30 நாள்

நாளை நவம்பர் 1. மறுபடியும் நாவல் எழுதப் போகிறேன். போன வருடம் பாதியில் கவிழ்ந்தது நண்பர்கள் பலருக்குத் தெரியும். சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள்.

தெரியாதவர்களுக்காக: ஒரே மாதத்தில் 50,000 சொற்களில் ஒரு நாவல். 1999இல் சான் பிரான்சிஸ்கோ பக்கம் கிறிஸ் பேட்டி என்பவரும் நண்பர்களுமாக 21 பேர் விளையாட்டாகத் தொடங்கியது. நானோரைமோ (NaNoWriMo, 'தேசிய நாவல் எழுதும் மாதம்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று பெயர் வைத்து உலகம் முழுக்கப் பரவியது. நடத்திய அமைப்பு 2025இல் மூடிவிட்டது. மூடினால் என்ன, நவம்பரை யாரும் மூடவில்லையே.

ஒரு நாளைக்கு 1,667 சொற்கள். போன வருடம் ரவாங்கிலிருந்து கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் வரை கொமுட்டர் ரயிலில் முக்கால் மணி நேரம், நின்றுகொண்டே கைப்பேசியில் செல்லினம் என்ற தமிழ் விசைப்பலகைச் செயலியில் தட்டினேன். (அதை உருவாக்கிய நம் முத்து நெடுமாறனுக்கு என் கட்டைவிரல்கள் கடன்பட்டிருக்கின்றன.) 12ஆம் நாள் 20,000 இருக்கவேண்டிய இடத்தில் 9,340தான் இருந்தது. சோம்பேறி என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

அப்புறம்தான் கணக்கிலேயே கோளாறு என்று புரிந்தது. ஆங்கிலத்தில் எட்டுச் சொல் கேட்கும் விஷயத்தை 'என்னால் போயிருக்கமுடியாது' என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறோம். 'வீட்டிலிருந்துகூட' நமக்கு ஒரு சொல், அவர்களுக்கு நாலு. அவர்கள் அளவுகோலை வைத்து ஓடினால் நான் ஒன்றரை, இரண்டு மடங்கு தூரம் ஓடவேண்டும். மூன்றாம் நாளே 'வந்துகொண்டிருந்தான்' என்பதை 'வந்து கொண்டு இருந்தான்' என்று பிரித்துப் போட ஆரம்பித்திருந்தேன். எண்ணிக்கைக்காகத் தமிழை இடைவெளி விட்டு விற்றவன் நான். வெட்கமாகத்தான் இருக்கிறது.

இன்னொன்றும் நடந்தது. கதை ரப்பர் தோட்டத்தில் நடக்கிறது. நாயகி கொட்டும் மழையில், விடியாத இருட்டில், பால்மரம் சீவப் போகிறாள். 1,100 சொற்கள், ஒரே மூச்சில். பெருமையோடு அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இருபது வருடத்துக்கு மேல் மரம் சீவியவர். பாதியிலேயே நிறுத்தினார்.

"மழையில எவ மரம் சீவுனா? பட்டை நனைஞ்சிருந்தா கத்தியே வைக்கமாட்டோம். பாலு கோப்பையில விழாது, மரத்தோட வழிஞ்சு ஓடிரும். அன்னிக்கு வேலையே இல்ல."

அப்புறம் அரை மணி நேரம் பேசினார். மழை நிற்குமா என்று வாசலில் நின்று பார்ப்பது, நெற்றி விளக்கை மாட்டுவதா கழற்றுவதா என்று தெரியாமல் நிற்பது, பக்கத்து வீட்டுக்காரியின் முகத்தைப் பார்த்துக் கணக்குப் போடுவது. அந்த மாதத்தில் எனக்குக் கிடைத்த உருப்படியான அரை மணி நேரம் அதுதான். 1,100 சொற்களையும் அழித்தேன். சவாலின் கணக்குப்படி அன்று நான் பின்னால் போனேன்!

"எழுத்து என்ன மராத்தான் ஓட்டமா?" என்று கேட்கும் நண்பர்களோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. நம் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகள் எல்லாம் கெடுவுக்குப் பயந்து எழுதியவைதானே? அச்சகத்துப் பையன் வாசலில் நின்றால் அருள் தானாக வரும். உள்ளொளி வரட்டும் என்று பத்து வருடம் காத்திருந்து ஒரு பக்கம்கூட எழுதாதவர்கள், நான் உட்பட, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் தேநீர்க் கடைகளில் தே தாரிக் ஆற்றிக்கொண்டு நிறையப் பேர் இருக்கிறோம். அவசரம் எனக்கு வேண்டும். கடன் வாங்கிய அளவுகோல்தான் வேண்டாம்.

எனவே இந்த வருடம் ஒரு நாளைக்கு 800 சொற்கள். மாதக் கடைசியில் 24,000. குறுநாவல் என்பீர்கள், சொல்லிக்கொள்ளுங்கள். சொற்களைப் பிரித்துப் போடமாட்டேன். அழித்த சொற்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்வேன். இது கள்ளாட்டம் என்று ஒரு தோழி இப்போதே சொல்லிவிட்டார். இருக்கட்டும்.

நாளை சனிக்கிழமை, எனக்கு ரயில் பயணம் இல்லை. நாலரைக்கு எழுந்து சமையலறை மேசையில் உட்காரப்போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். "என்னய்யா, பெரட்டுக்கா?" என்றார், தோட்டத்தில் விடியுமுன் ஆள் கணக்கெடுப்பதை நினைத்து. தீபாவளி முறுக்கு டின் இன்னும் பாதி இருக்கிறதாம், அதை மேசையிலேயே வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.