ஒன்றரை ஷிப்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

அந்தக் குரல்பதிவைப் பற்றி மறுபடியும் விளக்கப் போவதில்லை. திருப்பூரில் அதைக் கேட்காதவர் யாரும் இருக்க முடியாது. ஞாயிறு இரவு போனை எடுக்கவில்லை என்பதற்காக ஒரு மெர்ச்சண்டைசர் (ஆர்டரை எடுத்துக் கப்பலேற்றும் வரை கூடவே நின்று கவனிப்பவர்) முதலாளியிடம் வாங்கிய வசவை அதில் கேட்டுவிட்டு, விடுமுறை நாளில் போனை எடுக்காதது குற்றமல்ல என்று ஒரே ஒரு வரி எழுதினேன். பின்னூட்டத்தில் என்னைச் சோம்பேறி என்று ஏசியவர்களை விட்டுவிடலாம். "சம்பளம் வாங்கித் தின்றவனுக்கு முதலாளியின் வலி எங்கே தெரியும்?" என்று கேட்டவர் எனக்கு மிகவும் வேண்டியவர் என்பதுதான் உறுத்துகிறது.

தெரியும், அண்ணா. 9 ஆண்டுகள் மெர்ச்சண்டைசர், 5 ஆண்டுகள் மேனேஜர், இப்போது 12 தையல் மெஷின்களோடு, கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சொந்த பவர் டேபிள் யூனிட். மூன்று நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்: வேலை முடிந்த பிறகு இருக்கும் நேரம் வேலை செய்தவருடையது. முதலாளி மனமிரங்கிக் கொடுக்கும் இனாம் அல்ல அது.

வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்கு மேல் போனால் இரட்டைச் சம்பளம் என்று 1948-லேயே தொழிற்சாலைச் சட்டத்தில் எழுதி வைத்தார்கள். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறி, பெரும் எதிர்ப்புக்குப் பின் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டபோது எங்கள் கம்பெனி டீக்கடையில் சிரித்தார்கள். காலை எட்டரைக்கு நுழைந்து இரவு எட்டரைக்கு வெளியே வரும் "ஒன்றரை ஷிப்ட்"டுக்கு இங்கே யாரும் மசோதா கேட்டதில்லை. சட்டம் சொன்ன இரட்டைச் சம்பளமும் அங்கே கிடையாது. அரை ஷிப்டுக்கு அரை நாள் கூலி, அவ்வளவுதான்.

அப்பாவின் காரியத்துக்குக் கொடுமுடி போயிருந்தேன். காவிரியில் முழுக்குப் போட்டு ஈரத் துண்டோடு படியேறும்போது போன் அடித்தது. பட்டனின் நிறம் சாம்பிளோடு பொருந்தவில்லையாம். ஐயர் எள்ளையும் தண்ணீரையும் வைத்துக்கொண்டு காத்திருக்க, நான் இருபது நிமிடம் பட்டனைப் பற்றிப் பேசினேன். மறுநாள் எல்லோர் முன்னாலும் "இவனல்லவா பொறுப்பானவன்" என்று முதலாளி பாராட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. இன்றுவரை என்னால் தாங்க முடியாதது அந்தப் பெருமையைத்தான்.

"கப்பல் உனக்காக நிற்குமா?" என்பார்கள். நிற்காது. ஷிப்மெண்ட் தவறினால் சரக்கை விமானத்தில் அனுப்பும் செலவு நம் தலையில்தான் விடியும். அந்த வயிற்றெரிச்சலை நானும் பட்டிருக்கிறேன். ஆனால் பதினைந்து நாள் தாமதமாகத் துணி வந்ததற்கும், முடியாத தேதிக்கு ஆர்டர் பிடித்ததற்கும், செக்கிங்கில் நிற்கும் பெண்ணின் ஞாயிற்றுக்கிழமை ஏன் ஈடாக வேண்டும்? "தொழிலாளர்களே ஓவர்டைம் கேட்கிறார்களே" என்பது அடுத்த வாதம். கேட்கத்தான் செய்கிறார்கள், எட்டு மணி நேரக் கூலியில் வாடகை கட்ட முடிந்தால் கேட்பார்களா? சீனாவைப் பார், ஜப்பானைப் பார் என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

2025 ஜனவரியில் வாரம் 90 மணி நேரம் உழைக்கச் சொன்ன பெரிய மனிதரை நாடே கேலி செய்தது, நீங்களும்தான் செய்தீர்கள். அதையே பக்கத்துத் தெரு முதலாளி சொன்னால் மட்டும் தொழில்பக்தி ஆகிவிடுகிறது. சமநிலை வேண்டும் என்று வாய் திறந்தால் நேர மேலாண்மை வகுப்புக்கு அனுப்புகிறார்கள். நான் போன அந்த வகுப்பையும் ஞாயிற்றுக்கிழமைதான் வைத்தார்கள்.

"நீ மட்டும் யோக்கியமா?" என்று நீங்கள் கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். போன தீபாவளிக்கு முன்பு, இரவு பதினொரு மணிக்கு என் டெய்லர் ஒருவரை நானும் போனில் அழைத்தேன். அவர் எடுக்கவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. காலையில் வந்தவர், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். காரணம் கேட்கும் உரிமையே எனக்கு இல்லாதபோது, அவர் எதற்காகத் தலை குனிய வேண்டும்? இதைக் கேட்டதற்குத்தான் நான் நன்றி கெட்டவனாம், அண்ணா.

இன்று ஞாயிறு. யூனிட்டைப் பூட்டியிருக்கிறேன். உங்கள் பின்னூட்டங்களுக்கு நாளை காலை எட்டரைக்குப் பிறகு பதில் எழுதுகிறேன்.