பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்ட பிள்ளை

எந்தக் கல்லூரி என்று சொல்லப் போவதில்லை. மார்த்தாண்டம் முதல் நாகர்கோவில் வரை எல்லோர் வாட்ஸப்பிலும் அந்த வீடியோ வந்துவிட்டது. வாலிபால் போட்டிக்குக் கிளம்பிய பஸ்ஸிலிருந்து ஒரு பிள்ளையை, இரண்டு அரியர் இருக்கிறது என்று கிட்பேக்கோடு இறக்கிவிட்டார்கள். "அரியர் இருந்தால் அணியில் இடமில்லை." புது விதியாம். நல்ல விதிதான் என்று நேற்றிலிருந்து ஆளாளுக்கு எழுதுகிறீர்கள்.

விதியே வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. ஆடுகிற பிள்ளையும் படிக்கத்தான் வேண்டும். ஆனால் அரியர் எப்படி வந்தது என்று அவளே வீடியோவில் அழுதுகொண்டே சொல்கிறாளே, அதை யாரும் கேட்கவில்லையா? கல்லூரிக்காக ஆடப் போன நாளில் இன்டர்னல் நடந்திருக்கிறது. திரும்பி வந்த பிறகு மறுபடி வைக்கவில்லை. கல்லூரிக்காரர்களே, ஆட அனுப்பியது நீங்கள். அந்தத் தேர்வைத் திரும்ப வைக்க வேண்டியதும் நீங்கள்தான்.

எனக்கு இது புதிதல்ல. 2011-இல் நான் கல்லூரி அணியில் செட்டர். ஆடப் போன நாளுக்கும் வருகை போட வைக்கும் ஓ.டி. (ஆன் டியூட்டி) படிவத்தில் பி.டி. சார், டியூட்டர், துறைத்தலைவர், முதல்வர் என நாலு கையெழுத்து வேண்டும். மூன்றை வாங்கி நாலாவதுக்கு நிற்கும்போது பஸ் ஹாரன் அடிக்கும். "மக்கா, நீ ஏறுடே, நான் பாத்துக்கிடுதேன்" என்பார் பி.டி. சார். பார்த்தும்கொண்டார், வருகை 75 சதவீதத்துக்குக் குறையவில்லை. இன்டர்னலில்தான் 25-க்கு 4. போய்க் கேட்டேன். "பந்து தட்டப் போனவன்தானே, அங்கேயே போய் மார்க் கேளு" என்றார் வாத்தியார், வகுப்பு நிறைய ஆள் இருக்கும்போது. எல்லோரும் சிரித்தார்கள். அவர் இதை மறந்திருப்பார்.

அமெரிக்காவில் மதிப்பெண் இல்லையென்றால் ஆடவே விடமாட்டார்கள் என்று ஒரு நண்பர் பாடம் எடுத்தார். சரி. அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ.வின் அதே விதிப்புத்தகத்தில், சீசனில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி வாங்கக்கூடாது என்றும் இருக்கிறது. ஆடுகிறவர்களுக்குப் படிப்பில் உதவி செய்து தர வேண்டும் என்றும் இருக்கிறது. அந்தப் பக்கங்களை மட்டும் யார் கிழித்தது?

"உங்களுக்குத்தான் அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறதே" என்பார்கள். அது பதக்கத்தோடு போகிறவர்களுக்கு ஐயா. மண்டல அளவில் ஆடியவன் சர்டிபிகேட்டை லேமினேட் செய்து வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். மற்ற மாணவர்களுக்கு அநியாயம் இல்லையா என்றால், ஒரு நாள் தள்ளி ஒரு தேர்வு வைப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்? அமைச்சர் விழாவுக்கு நாற்காலி நிரப்ப மூன்று பீரியட் உட்கார வைத்தீர்களே, அன்றைக்கு அரியர் உள்ளவர்களை எழுப்பி அனுப்பினீர்களா?

அந்த 4 மார்க்கை ஈடுகட்ட எனக்கு இரண்டு வருஷம் ஆனது. அப்பாவுக்கு குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டு. ஒவ்வொரு தடவையும் தேர்வுக் கட்டணத்துக்கு, வீட்டுக்குப் பின்னால் நின்ற இருபது மரத்தில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பாலை விற்றுக் கொடுத்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது ஆறியிருக்கும்.

நாங்கள் ஜெயித்த கோப்பை இன்றும் முதல்வர் அறை அலமாரியில் இருக்கிறது. கல்லூரிக்குத் தரம் போடும் நாக் கமிட்டி வந்தால் துடைத்து வைக்கிறார்கள். அன்று களத்தில் நின்ற ஆறு பேரில் நாலு பேருக்கு அரியர். விதிப்படி அந்தக் கோப்பையையும் இறக்கிவிடுங்கள் சார்.