எந்த லினக்ஸ்? முதலில் பிரிண்டரைக் கேளுங்கள்

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10 ஆதரவு முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாத பழைய கணினிப் பெட்டியில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. மஞ்சக்குப்பம் ஜெராக்ஸ் கடையானாலும் பாகூர் பிரவுசிங் சென்டரானாலும் அடுத்த கேள்வி, விண்டோஸுக்குப் பதிலாக ஏற்றும் இலவச இயங்குதளமான லினக்ஸில் எந்த வகை?

கடைக்கு என் ஓட்டு லினக்ஸ் வகைகளில் ஒன்றான மிண்ட் 22. 2029 ஏப்ரல் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். 4 ஜிபி ராம் என்றால் சினமன் என்ற கனமான திரைத்தோற்றம் வேண்டாம், இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள். உபுண்டுவும் அதே அடித்தளம்தான். ஆனால் ஃபயர்ஃபாக்ஸை ஸ்னாப் என்ற தனிப் பொட்டலமாகத் தருகிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் முதல்முறை திறப்பதற்குள் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்.

டெபியன் 13 என்ற லினக்ஸ் இன்னும் நிதானம். அரசு இலவச லேப்டாப்பில் வந்த பாஸ் (BOSS) லினக்ஸும் டெபியன் வம்சம்தான், பலர் அதைத் திறந்தே பார்க்கவில்லை என்பது வேறு கதை. 32 பிட் மட்டுமே தெரிந்த கிழட்டுப் பெட்டிக்கு 13 ஆகாது, 12 போடுங்கள். ஃபெடோரா என்ற லினக்ஸ் புது லேப்டாப்புக்கு அருமை. ஆனால் ஒவ்வொரு பதிப்புக்கும் ஆயுள் சுமார் 13 மாதம். கடையில் அடிக்கடி பதிப்பு மாற்றும் அந்த வேலையை யார் பார்ப்பது? லினக்ஸ் அல்லாத இன்னொரு இலவச இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியை, இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சேமிப்பு முறைக்காக ஃபைல் சர்வரில் வைக்கலாம். லேப்டாப் வைஃபையில் இன்னும் தடுமாறும்.

உண்மையான தலைவலி பிரிண்டர்தான். எச்பி 1020-ல் ஃபர்ம்வேர், அதாவது பிரிண்டரை இயக்கும் உள் மென்பொருள், தங்காது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கணினிதான் அனுப்ப வேண்டும். அதற்கு எச்பிலிப் என்ற எச்பி டிரைவரோடு தனி பிளகின் (கூடுதல் துணை மென்பொருள்) தேவை. எச்பிலிப் பதிப்பு மாறினால் பிளகினையும் புதிதாக இறக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரிண்டர் ஊமையாகிவிடும். கேனான் 2900-க்கான கேப்ட் (CAPT) டிரைவர் பழையது, 32 பிட் லைப்ரரி கேட்டு அடம்பிடிக்கும். இந்த மாடல் இருந்தால் லினக்ஸை நிறுவாமலே பென் டிரைவிலிருந்து (லைவ்) ஓட்டி, ஒரு பக்கம் அடித்துப் பார்க்காமல் டிஸ்க்கைத் தொடாதீர்கள். அதே சமயம் வைஃபையையும் பாருங்கள். தமிழில் தட்டச்ச, ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியில் எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும்.

அதே பெட்டியில் விண்டோஸையும் வைத்துக்கொள்வதானால், விண்டோஸை வேகமாகத் தொடங்க வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை முதலில் அணையுங்கள். மறந்தால் விண்டோஸ் இருக்கும் டிரைவ் லினக்ஸில் படிக்க மட்டும்தான் திறக்கும், எழுத விடாது.

அப்டேட் நடுவில் கரண்ட் போனால் பதற வேண்டாம். மிண்ட்டில் பூட் மெனுவின் ரெக்கவரி மோடில், உடைந்த தொகுப்புகளைச் சரிசெய்யும் தேர்வு இருக்கிறது, பெரும்பாலும் அதுவே போதும். சிஸ்டத்தைப் பழைய நிலைக்குத் திருப்பும் டைம்ஷிஃப்ட்டை முதல் நாளே இயக்கிவிடுங்கள். ஆனால் அது சிஸ்டத்தைத்தான் காக்கும், உங்கள் ஃபைல்களை அல்ல.

பாமினி எழுத்துருவை லினக்ஸிலும் ஏற்றலாம். பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் வராது. அழைப்பிதழ் வேலைதான் பிழைப்பு என்றால் ஒரு விண்டோஸ் பெட்டியை நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றை மாற்றுங்கள்.