ஸ்டீரொயிட் கிரீம் பற்றி ஒரு திருத்தம்

அக்கா, பிள்ளையின் கரப்பனுக்கு (எக்ஸிமா) ஸ்டீரொயிட் கிரீம் பூசினால் தோல் மெலிந்துவிடும், அதனால் பூசவே கூடாது, முட்டையையும் மீனையும் நிறுத்தினால் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். அக்கறையில் சொன்னது புரிகிறது, ஆனால் இரண்டுமே பிழை.

தோல் மெலிவது பெரும்பாலும் வீரியம் கூடிய கிரீமை நீண்ட காலம் பூசும்போதுதான். சின்னப் பிள்ளைகளுக்கு டொக்டர்கள் வழக்கமாக முதலில் தருவது 1% ஹைட்ரோகோர்ட்டிசோன் போன்ற மென்மையானது. சிவந்த இடத்தில் மட்டும், சொன்ன நாள் வரை பூசலாம். பெரியவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால், விரல்களோடு சேர்த்து அவருடைய இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குக் காணும். பயத்தில் பொட்டளவு தொட்டு வைத்தால் சிவப்பு அடங்காது, பிள்ளை இரவெல்லாம் சொறிந்து புண்ணாக்கிவிடும். பயப்பட வேண்டியது பாமசியில் டொக்டரின் துண்டில்லாமல் வாங்கும், ஸ்டீரொயிட்டோடு வேறு மருந்துகளும் கலந்த கிரீம்களுக்கு. டியூபில் பெட்டாமெத்தசோன் (வீரியம் கூடிய ஸ்டீரொயிட்) என்று இருந்தால் டொக்டரைக் கேட்காமல் பூசாதீர்கள், முகத்திலும் நாப்பி கட்டும் இடத்திலும் முக்கியமாக.

அப்புறம் சாப்பாடு. பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கரப்பனின் காரணம் உணவு அல்ல, தோல் ஈரத்தைப் பிடித்து வைக்க முடியாததுதான். டொக்டர் சொல்லாமல் முட்டையையும் மீனையும் நிறுத்தினால் வளர்ச்சி அடிபடலாம். குளிப்பாட்டி ஒற்றித் துடைத்த கையோடு வாசமில்லாத மொய்ஸ்சரைசரைத் தாராளமாகப் பூசுங்கள், தோல் நன்றாக இருக்கும் நாளிலும். கொழும்புப் புழுக்கத்தில் வியர்வையே அரிப்பைக் கிளப்பும். மேல் கழுவிப் பருத்திச் சட்டை மாற்றிவிடுங்கள்.

மஞ்சள் பொருக்கோ நீர்க்கசிவோ, காய்ச்சலோடு கூட்டமாகக் கொப்புளங்களோ வந்தால் அன்றைக்கே பொரளை சிறுவர் ஆஸ்பத்திரியிலோ பக்கத்து டொக்டரிடமோ காட்டுங்கள்.