"உங்களைப் பத்திச் சொல்லுங்க"

இன்டர்வியூல இந்த ஒரு கேள்விதான் என் உயிரை வாங்குது. ரெஸ்யூமே அவர் கையிலதான் இருக்கு. நான் வாயைத் திறந்தப்புறம்தான் அதைப் புரட்டவே ஆரம்பிக்கிறார். நான் ராத்திரி கண்ணாடி முன்னாடி நின்னு, போன்ல டைமர் வச்சு, இப்ப பாக்கிற வேலை, அதுக்கு முன்னாடி செஞ்சது, இந்த வேலை ஏன் வேணும்னு எல்லாத்தையும் 90 விநாடிக்குள்ள அடக்கி வச்சிருந்தேன். 20 விநாடி தாண்டல, "சரி சரி, சம்பளம் எவ்வளவு எதிர்பாக்கறீங்க?"

அடுத்து பலவீனம். "எல்லாத்தையும் ரொம்பக் கச்சிதமா செய்வேன், அதான் சார் என் பலவீனம்"னு சொல்ல நமக்கே கூச்சமா இருக்காதா? அதனால உண்மையைச் சொன்னேன்: கூட்டத்துல பேசத் தயக்கம், இப்ப வாராவாரம் மீட்டிங்ல நானே கேட்டு வாங்கிப் பேசிப் பழகறேன். அவர் நிமிராம டைப் பண்ணிட்டே இருந்தார். அந்த மௌனம் தாங்காம நான் மேல மேல உளறினேன் பாருங்க, அது மட்டும் என் தப்பு.

கடைசியா, "ஏதாவது கேக்கணுமா?"

"முதல் 3 மாசத்துல என்கிட்ட என்ன எதிர்பாப்பீங்க?"

"அதெல்லாம் ஹெச்ஆர் சொல்லுவாங்க."

அதுவரைக்கும் நான் அவரைத்தான் ஹெச்ஆர்னு நெனச்சிட்டு இருந்தேன்.